சராசரிக்குக் கீழே

ஆகஸ்ட் 9

அன்புள்ள தம்பிக்கு,

உடம்பு சுகம், வேலை சுகம், மாடிப்படி மட்டும் முன்பைவிட உயரமாகிவிட்டது. நீயும் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் உன் பெண்டாட்டியும் எப்படி இருக்கிறீர்கள் என்பதை ஞாயிற்றுக்கிழமை போனிலேயே கேட்டுவிட்டேன், மறுபடியும் கேட்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நீ இருக்கிற நாட்டில் மேற்படிப்புக்காக எழுதிய ஜி.ஆர்.இ. மதிப்பெண் வந்துவிட்டது. கணிதம் 155, மொழி 148, கட்டுரை மூன்றரை. "நூத்தி எழுபதுக்கு நூத்தி அம்பத்தஞ்சா? பிரமாதம்" என்றாள் ஆய்வகத்தில் என் எதிர் மேசைக்காரி. அந்தப் பரீட்சையில் தலையைக் கவிழ்த்துத் தூங்கினாலும் 130 கொடுப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. அவள் சந்தோஷத்தை எதற்குக் கெடுக்க வேண்டும்?

தேர்வு மையத்தில் என்னைத் தவிர எல்லாம் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள். வாசலில் காவலாளி, "பேரண்ட்ஸ் எல்லாம் வெளியே வெயிட் பண்ணுங்க" என்றார். "நான்தாங்க எழுதப்போறேன்" என்றதும் பாவம், உள்ளே கொண்டுபோய் நாற்காலியைத் துடைத்துக் கொடுத்தார். முப்பத்தொன்பது வயதில் அந்த மரியாதையாவது கிடைத்ததே.

பதினோரு வருடம் முன்னால் உனக்குப் பல்கலைக்கழகம் தேடியபோது சாப்பாட்டு மேசையில் ஒரு மாதம் தட்டு வைக்க இடம் கிடையாது. இப்போது உன் முறை. எனக்கு என்ன படிக்க வேண்டும் என்பதில் குழப்பமே இல்லை. பதினான்கு வருடமாக இந்த ஊர்த் தண்ணீரைச் சோதிக்கிறேன். தொட்டியில் போடுகிற குளோரின் கடைசித் தெருவின் கடைசிக் குழாய்க்குப் போவதற்குள் எங்கே காணாமல் போகிறது என்று கேட்டால், "பழைய குழாய்மா, விடுங்க" என்கிறார் எங்கள் சார். விட முடியவில்லை. அந்தத் தெருவில் பிள்ளைகளுக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு. அதைப் படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு நிபந்தனை. இதைப் போனில் பேச வேண்டாம். போன மாதம் பேசிப் பார்த்தோமே, மூன்றாவது நிமிடத்தில் நான் போனை வைத்தேன். நம் இரண்டு பேருக்கும் வாய் நீளம். கடிதமென்றால் ஒட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை படித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

உன் பதிலுக்காகத் தபால்காரரை முறைத்துக்கொண்டிருக்கும்
அக்கா


ஆகஸ்ட் 27

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் பதினோரு நாளில் வந்து சேர்ந்தது. அலுவலகத்தில் வைத்துப் படித்தேன். காவலாளி கதையில் நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து பார்த்தார். காப்பீட்டுக் கம்பெனியில் விபத்துக் கணக்குப் போடுகிறவன் சிரிக்கக் கூடாது போலிருக்கிறது.

155 மோசமில்லை. இன்னொரு தடவை எழுதினால் ஐந்தாறு கூடும். ஆனால் நீ எழுத மாட்டாய், எனக்குத் தெரியும். முதலில் உனக்குப் பிடித்த இடங்களை நீயே பட்டியல் போட்டு அனுப்பு, நான் பார்க்கிறேன்.

இன்னொரு செய்தி. நீ அத்தையாகப் போகிறாய். மார்ச் கடைசியில். மூன்று மாதம் முடியும்வரை யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று அவள் உத்தரவு, அதனால் போனில் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. எனக்குச் சந்தோஷம்தான், பயமும்தான். குழந்தையை எப்படித் தூக்க வேண்டும் என்பதுகூட எனக்குத் தெரியாது. அவள் அம்மாவுக்கு முதுகுவலி, அவ்வளவு நேரம் விமானத்தில் உட்கார முடியாதாம். வீட்டில் நம்ம மனுஷி ஒருத்தி இருந்தால் தேவலை என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது.

உன்
தம்பி


செப்டம்பர் 14

அன்புள்ள தம்பிக்கு,

எனக்கு ஒன்றும் தெரியாது. போன ஞாயிறு போனில் எவ்வளவு நன்றாக நடித்தேன் பார்த்தாயா? "உடம்பைப் பார்த்துக்கோம்மா" என்று மூன்று தடவை சொன்னேன். சும்மா சொன்னதாகத்தான் நினைத்திருப்பாள். போனை வைத்த பிறகு மாடியில் தனியாகச் சிரித்துக்கொண்டு நின்றேன். அத்தை என்ற வார்த்தை வாய்க்கு நன்றாகத்தான் இருக்கிறது.

இத்துடன் அட்டவணை இருக்கிறது. தண்ணீர் பற்றிப் படிக்கக் கூடிய பல்கலைக்கழகங்கள் பதினொன்று. எங்கள் வழக்கப்படி மாதிரி எண் ஒன்று முதல் பதினொன்று வரை இலக்கம் கொடுத்திருக்கிறேன், சீசாக்களுக்குக் கொடுக்கிற மாதிரி. ஒவ்வொன்றும் தன் மாணவர்களின் சராசரி மதிப்பெண்ணை இணையத்தில் போட்டிருக்கிறது. அதை வரம்புப் பத்தியிலும் என்னுடையதைப் பக்கத்திலும் எழுதினேன். என்னுடையது குறைவாக இருந்தால் சிவப்பு மையில் ஒரு கோடு. சோதனையில் தேறாத தண்ணீருக்குப் போடுவதும் அதே கோடுதான். ஏழு அடிபட்டுப் போயின.

நான்காம் எண்ணுக்குக் கோடு போடும்போதுதான் கொஞ்சம் கை நின்றது. அங்கே ஒரு பேராசிரியை இருபது வருடமாகப் பழைய குழாய்களைக் குறுக்கே அறுத்து, உள்ளே படிந்திருப்பதை ஆராய்கிறார். என் கேள்வியை நான் கேட்கும் முன்பே யாரோ கேட்டு வைத்த மாதிரி இருக்கிறது. ஆனால் அவர்கள் 161, நான் 155. என்ன செய்ய, கோடு போட்டாயிற்று.

மிச்சம் நான்கில் உருப்படியானது ஒன்றுகூட இல்லை. நீ புள்ளிவிவரத்தில் பட்டம் வாங்கியவன். அட்டவணை சரியா என்று பார். தப்பென்றால் அக்கா மனசு கஷ்டப்படுமே என்று பார்க்காதே, பட்டென்று சொல்லிவிடு.

அன்புடன்
அக்கா


அக்டோபர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

அட்டவணை பார்த்தேன். சரியாகத்தான் செய்திருக்கிறாய், மாற்ற ஒன்றுமில்லை. மிச்சமிருக்கும் நான்கும் உனக்கு வேண்டாம். நானே விசாரித்து மூன்று இடம் கண்டுபிடித்திருக்கிறேன். மூன்றிலும் உன் மதிப்பெண்ணுக்குக் கட்டாயம் கிடைக்கும்.

முதலாவது, எங்கள் வீட்டிலிருந்து காரில் இருபது நிமிடம். இரண்டாவது முப்பத்தைந்து நிமிடம், வழியில் இரண்டே சிக்னல். மூன்றாவது ஒரு மணி நேரம், ஆனால் ரயில் உண்டு. நீ எங்களோடேயே இருக்கலாம். பின் அறைக்குப் போன வாரம் வெள்ளை அடித்தேன். ஜன்னலைத் திறந்தால் மரம் தெரியும். அவளுக்கும் துணையாக இருக்கும்.

பசியே இல்லை என்கிறாள், பத்து நிமிடம் கழித்து என் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடுகிறாள். மற்றபடி நலம்.

உன்
தம்பி


அக்டோபர் 25

அன்புள்ள தம்பிக்கு,

பல்கலைக்கழகத்தைப் பற்றி எழுதச் சொன்னால் சிக்னலைப் பற்றி எழுதியிருக்கிறாய். நான் அங்கே டிரைவர் வேலைக்கா வருகிறேன்? உன் இரண்டாவது இடத்தைத் தேடிப் பார்த்தேன். அங்கே தண்ணீரே கிடையாது, மருத்துவமனை நிர்வாகம்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். குடிக்கவாவது வைத்திருப்பார்களா என்று தெரியவில்லை.

போகட்டும். உனக்குத் தெரியாததா. முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் விண்ணப்பிக்கிறேன். முதலாவதில் குளத்துத் தண்ணீர் பற்றி ஒரு பாடம் இருக்கிறது. குளமும் தண்ணீர்தானே.

சாரிடம் சிபாரிசுக் கடிதம் கேட்டேன். இரண்டு நாள் யோசித்து எழுதிக் கொடுத்தார். "இவர் நேரத்துக்கு வருவார். இவர் மேசை சுத்தமாக இருக்கும்." அவ்வளவுதான், பதினான்கு வருடம் முடிந்தது. "சார், நான் என்ன வேலை பாக்குறேன்னு ஒரு வரி போடுங்களேன்" என்றேன். "அதான் மேசைன்னு போட்டிருக்கேனேம்மா" என்றார். எதிர் மேசைக்காரி போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து புதிதாக எழுத வைத்திருக்கிறாள். பாக்டீரியா வளர்க்கிறவளுக்குப் பொறுமை அதிகம்.

நான்காம் எண் பேராசிரியைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். சேருவதற்காக இல்லை. கடைசித் தெருக் குழாயின் மூன்று வருட அளவுகளை அனுப்பி, இது ஏன் இப்படி என்று கேட்டிருக்கிறேன். கேட்பதற்கு மதிப்பெண் வேண்டாமே.

மரம் தெரியும் அறைக்கு நன்றி. நீ வெள்ளை அடித்தாய் என்றால் தரையும் வெள்ளையாகத்தான் இருக்கும், துடைத்து வை.

அன்புடன்
அக்கா


டிசம்பர் 5

தம்பி,

பேராசிரியை பதில் எழுதினார். நான் கேட்டது ஒரு பக்கம், அவர் எழுதியது நான்கு பக்கம். என் அளவுகளில் ஒரு தப்பையும் கண்டுபிடித்திருந்தார், சரியான தப்பு. கடைசியில், ஏன் எங்களிடம் விண்ணப்பிக்கவில்லை என்று ஒரு வரி. உங்கள் வரம்பு 161, எனக்கு 155 என்று எழுதினேன். மறுநாள் வந்ததை அப்படியே தமிழில் தருகிறேன்:

"அது வரம்பு அல்ல, சராசரி. இங்கே படிப்பவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் அதற்குக் கீழே இருப்பவர்கள்தான். பதினான்கு வருடம் குழாய் குழாயாகப் போய்த் தண்ணீர் பிடித்தவர் எங்களிடம் ஒருவரும் இல்லை."

படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "என்னாச்சு, யாருக்கு என்ன?" என்று எதிர் மேசைக்காரி ஓடி வந்தாள். "யாருக்கும் ஒண்ணுமில்ல, எனக்குத்தான் புத்தி போயிடுச்சு" என்றேன். தினமும் ஒரே தண்ணீரை மூன்று தடவை அளந்து சராசரி எடுக்கிறவள் நான். மூன்றில் ஒன்றாவது சராசரிக்குக் கீழே நிற்கும் என்று எனக்குத் தெரியாதா? சுவரில் தொங்குகிற வரம்புப் பட்டியலைப் பார்த்துப் பார்த்து, எந்த எண்ணைக் கண்டாலும் தேறுமா தேறாதா என்று கோடு போடக் கை பழகிவிட்டது. ஏழு பல்கலைக்கழகங்கள் என்னை வேண்டாம் என்று சொல்ல நான் வாய்ப்பே கொடுக்கவில்லை. அவர்கள் வேலையை நானே செய்து முடித்துவிட்டேன்.

அது என் அசட்டுத்தனம், விடு. ஆனால் அந்த அட்டவணையை உனக்கு அனுப்பினேன். சரியாகத்தான் செய்திருக்கிறாய் என்று எழுதினாய். சராசரி என்றால் என்னவென்று தெரிந்து வைத்திருப்பதற்குத்தான் உனக்குச் சம்பளம். உனக்குக் கவனமில்லாமல் நடந்ததா, தெரிந்தே நடந்ததா? ஒரே கேள்விதான். போனில் பதில் சொல்லாதே.

அக்கா


டிசம்பர் 17

அக்கா,

தெரிந்தேதான் நடந்தது.

போன இரண்டு ஞாயிறும் அங்கே எவ்வளவு மழை பெய்தது என்பதைத் தவிர நீ எதுவும் பேசாதபோதே உனக்குத் தெரிந்துவிட்டது என்று புரிந்தது. உன் அட்டவணையைப் பிரித்தவுடன், முதல் சிவப்புக் கோட்டிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. "அக்கா, இது வரம்பு இல்லை" என்று ஒரு தாளில் எழுதவும் செய்தேன். பிறகு நான்காம் எண் எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். இங்கிருந்து விமானத்தில் நான்கு மணி நேரம். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன்.

எந்தச் சாக்கும் சொல்லப் போவதில்லை. உனக்குப் படிப்புத் தேடவில்லை நான். வரைபடத்தில் எங்கள் வீட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பார்த்தேன். அப்பா அம்மா போன பிறகு எனக்குக் காய்ச்சல் வந்தால் நீ இருந்தாய், வேலை போனால் நீ போனில் இருந்தாய். குழந்தை என்றதும் வேறு யோசனையே வரவில்லை, அக்கா வந்துவிட்டால் போதும் என்றுதான் தோன்றியது. நீ படித்த மாதிரியும் ஆச்சு, எனக்குத் துணையும் ஆச்சு என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

உன் கடிதத்தை அவள் படித்துவிட்டாள். அதுவரை இதெல்லாம் அவளுக்குத் தெரியாது. "நீங்க அக்காவுக்குக் காலேஜ் தேடுனீங்களா, இல்ல நமக்கு ஆள் தேடுனீங்களா?" என்று கேட்டாள். "அவங்க வந்து தூக்குனாத்தான் நம்ம குழந்தை வளருமா?" என்றாள். இரண்டு நாளாகப் பேச்சு அளவோடுதான்.

நான்காம் எண்ணுக்கு ஜனவரி ஐந்து கடைசி நாள். இந்தக் கடிதம் அதற்குள் வந்துவிட வேண்டும் என்று வேகத் தபாலில் அனுப்புகிறேன். விண்ணப்பித்துவிடு. என்னைத் திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். மன்னித்துவிடு என்று கேட்க வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

தம்பி


ஜனவரி 8

தம்பி,

உன் கடிதம் வருவதற்கு முன்பே, பேராசிரியையின் பதில் வந்த அந்த வாரமே விண்ணப்பித்துவிட்டேன். உன் பதிலுக்குக் காத்திருந்து இன்னொரு தடவை ஏமாற நான் தயாராக இல்லை. சிவப்புக் கோடு போட்ட மற்ற ஆறில் இரண்டுக்கும் போட்டேன். உன் முதலாவது இடத்தின் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறவில்லை, அது நல்ல இடம்தான்.

கோபம் இருக்கிறது. நான்கு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, ஐந்தாம் நாள் நன்றாகப் பசித்தது. நீ பொய் சொன்னதுகூடப் பரவாயில்லை. பார்த்துச் சொல் என்று நம்பிக் கொடுத்தேன், அதுதான் வலிக்கிறது.

அவளோடு அளவோடு பேசுகிற வேலையெல்லாம் வேண்டாம். தப்பு உன் பேரில், நீயே போய்ப் பேசு. இனி என் விஷயத்தில் நீ பார்க்க வேண்டியது ஒன்றும் இல்லை. பக்கத்து ஆஸ்பத்திரியில் புது அப்பாக்களுக்கு வகுப்பு நடத்துவார்கள் என்று படித்தேன். விசாரித்துச் சேர்ந்துகொள்.

அக்கா


மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் அழுதுகொண்டே சொன்னதில் உனக்கு என்ன புரிந்ததோ தெரியாது, முறையாக எழுதுகிறேன். பெண் குழந்தை. மூன்று கிலோ நூறு கிராம். அம்மாக்காரியும் நலம். மூக்கு நம் அம்மா மூக்கு, அதில் சந்தேகமே இல்லை.

நீ சொன்ன வகுப்புக்குப் போனேன். எட்டு அப்பாக்கள், எட்டு பிளாஸ்டிக் பொம்மைகள். என் பொம்மை இரண்டு தடவை கீழே விழுந்தது. நிஜக் குழந்தை இதுவரை விழவில்லை. நேற்று நானே தனியாகக் குளிப்பாட்டினேன். நாற்பது நிமிடம் ஆனது, குழந்தையைவிட நான்தான் அதிகம் நனைந்தேன். அவள் கட்டிலில் படுத்தபடி, "காதுக்குப் பின்னாடி விட்டுட்டீங்க" என்று அதிகாரம் செய்தாள். சமாளித்துவிடுவோம், அக்கா. சிரமம்தான், ஆனால் சமாளிக்கிறோம்.

முதலாம் இடமும் நான்காம் எண்ணும் உன்னை எடுத்துக்கொண்டதாகப் போன ஞாயிறு ஒரே வரியில் சொல்லிவிட்டு, "குழந்தை தூங்குதா?" என்று பேச்சை மாற்றினாய். ஏப்ரல் பதினைந்துக்குள் பதில் சொல்ல வேண்டும், எனக்குத் தெரியும். எனக்காகத் தயங்காதே. நான் சொல்லி நீ நம்புவதற்கு எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனால் இந்தத் தடவை தெரிந்ததைச் சொல்கிறேன். உன் கேள்விக்குச் சரியான இடம் நான்காம் எண்தான். நீ இங்கே வந்தால் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்பதும் நிஜம். இரண்டையும் எழுதிவிட்டேன்.

உன்
தம்பி


ஏப்ரல் 11

அன்புள்ள தம்பிக்கு,

நான்காம் எண்ணுக்கு ஒப்புதல் அனுப்பிவிட்டேன். பேராசிரியையின் ஆய்வுக்கூடத்திலேயே வேலையும் தருகிறார்கள். கடைசித் தெருக் குழாயில் ஒரு முழத் துண்டை அறுத்துக் கொண்டு வர முடியுமா என்று கேட்டிருக்கிறார். சாரிடம் கேட்டேன். "குழாயை யாரும்மா கேக்குறாங்க?" என்று ஆச்சரியப்பட்டுக் கையெழுத்துப் போட்டார். கிளம்பும் வரை எதிர் மேசைக்காரியை ஒன்றும் கேட்க முடியாது. எதைக் கேட்டாலும் அழுகிறாள், பிறகு என் மேசை தனக்குத்தான் என்கிறாள்.

ஒப்புதல் அனுப்புவதற்கு முன் இரண்டு நாள் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. நீ அனுப்பிய போட்டோவை மேசையில் வைத்துக்கொண்டு, இருபது நிமிடத்தில் குளத்துத் தண்ணீரும் படிக்கலாம், அந்த மூக்கையும் தினமும் பார்க்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. அப்போதுதான் நீ அந்தத் தாளைக் கிழித்தது எப்படி என்று எனக்குப் புரிந்தது. கெட்டவனாக இருந்து கிழிக்கவில்லை நீ. நானும் அந்த இரண்டு நாளில் ஏறக்குறையக் கிழித்தேன்.

உன் மேல் கோபம் போய்விட்டது. நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக ஒருவன் பொய் சொல்லியிருக்கிறான் என்று நினைத்தால் சிரிப்பும் வருகிறது. இன்னொரு தடவை சொன்னால் காதைத் திருகுவேன், அது வேறு.

விடுமுறைக்கு வருவேன். விருந்தாளியாக வருவேன், நாற்காலியில் உட்கார்ந்து காப்பி கேட்பேன். குழந்தையைக் குளிப்பாட்ட மாட்டேன், வேண்டுமானால் பக்கத்தில் நின்று காதுக்குப் பின்னால் விட்டுவிட்டாய் என்று சொல்வேன். நாளைக்கு அவள் பெரியவளாகி, அத்தை எதற்கு இந்த நாட்டுக்கு வந்தாள் என்று கேட்டால், படிக்க வந்தாள் என்று சொல்லு. வேறு ஒன்றும் சேர்க்காதே.

ஆகஸ்ட் பன்னிரண்டு விமானம். உங்கள் ஊரில் இறங்கி மாற வேண்டும், நடுவில் நான்கு மணி நேரம் இருக்கிறது. மூன்று பேரும் வாருங்கள். வெளியே வந்ததும் அவளை என் கையில் கொடுத்துவிடு. அடுத்த விமானத்துக்கு நேரமானதும் நீயே வந்து வாங்கிக்கொள். நானாகக் கொடுக்க மாட்டேன்.

இப்படிக்கு
அவளுடைய அத்தை